எறியச் சொன்ன சாமி

தொண்ணூற்றாறில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். பதேர்ஸ்ட் வீதி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். மூத்தவர் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி சொன்னார்:

“பிள்ளை, நான் பராமரிக்கிற யூத மனுசியின்ரை சாமி இப்ப என்ரை ஹான்ட்பாக்குக்குள்ளைதான் கிடக்கு.”

“என்னக்கா சொல்லுறியள்?”

“சின்னக் குழாய். உள்ளை வேத வசனம் எழுதி வைச்சிருக்கு. அவையள் வாசல் நிலையிலை அடிச்சு, போகேக்கை வரேக்கை தொட்டு, தொட்ட விரலை வாயிலை வைச்சுக் கொஞ்சிறது. எதிர்வீட்டு யூதப் பெட்டை வெள்ளிக்கு வெள்ளி பாண் கொண்டந்து குடுத்து, மெழுகுதிரி கொளுத்தப் பழக்கி, போன கிழமை இதையும் மனுசியின்ரை வாசலிலை பூட்டிவிட்டவள்.”

“நல்லதுதானே?”

“மனுசி நித்திரையே கொள்ளேல்லை. சின்ன வயசிலை வாசலிலை இதைக் கண்டுதானாம் ஆமிக்காரர் யூத வீடு எண்டு அறிஞ்சு உள்ளை வந்தவங்கள். கழட்டித் தூரக் கொண்டுபோய் எறி எண்டு என்னட்டைத் தந்திட்டா.”

“எறிஞ்சிட்டு வாங்கோவன்.”

“மந்திரத்தை எப்பிடியடி எறியிறது? பெட்டையிட்டைக் குடுத்தன், வாங்கேல்லை. ‘நீங்களே வைச்சிருங்கோ, அவ கேக்கேக்கை குடுங்கோ’ எண்டிட்டாள்.”

“உவ்வளவு பயந்த மனுசி இனிக் கேக்குமே?”

மூத்தவர் பையின் சிப்பை இழுத்துப் பார்த்தார். மூடித்தான் இருந்தது. நான் இறங்க வேண்டிய தரிப்பு போய்விட்டிருந்தது.

“தெரியாது பிள்ளை. மனுசி வெளிக்கிடேக்கை ஆரும் நிக்கினமோ எண்டு ரெண்டு பக்கமும் பாக்கிறா. பிறகு அந்த ஆணி ஓட்டையிலை விரலை வைச்சு, விரலைக் கொஞ்சிறா.”