மணி கேட்டதும் உயரும் கைகள்

வியாழக்கிழமைகளில் நான் வீட்டில் மதிய உணவு உண்பதில்லை. தேய்த்த சட்டை அணிந்து, பன்னிரண்டரை மணிப் பேருந்தில் ஏறி, தொலைக்காட்சிச் சமையல் போட்டியில் பெயர் பெற்ற யாரேனும் நடத்தும் உணவகத்துக்குச் செல்வேன். இந்நகரத்தில் அப்படிப் பன்னிரண்டு உணவகங்கள் இருக்கின்றன. அவற்றில் சமையலறைக்கும் மேசைகளுக்கும் இடையே சுவர் இராது. திரையில் கண்ட முகம் வியர்வை வழிய வெங்காயம் நறுக்குவதைப் பார்க்கவே பாதிப் பேர் வருகிறார்கள். நான் முகங்களைப் பார்ப்பதில்லை, கைகளைப் பார்ப்பேன்.

ஐயா, தாங்கள் எழுதிக்கொள்ள ஏதுவாக நிதானமாகவே சொல்கிறேன். 'கடைசி நொடி' என்று மக்கள் செல்லமாக அழைக்கும் சமையல்காரர், கவனக்குறைவால் தம் அக்காளின் கைகள் மீது கொதிக்கும் சாற்றைக் கவிழ்த்தார் என்று வழக்குப் பதிந்திருக்கிறீர்கள். அந்தப் பிழையைத் திருத்தவே வந்தேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை. அது வேறு, இது வேறு.

நாற்பது ஆண்டுகள் கடிகாரங்களையும் மணிகளையும் பழுது பார்த்தவன் நான். அந்தப் போட்டியில் நேரம் முடிந்ததை அறிவிக்கும் வெண்கல மணி என் பட்டறையில் செய்யப்பட்டது. ஒரே வார்ப்பில் இரண்டு செய்தேன். ஒன்றை அவர்களிடம் கொடுத்தேன். மற்றொன்று என் அலமாரியில் இருந்தது. இரண்டின் ஓசைக்கும் வேறுபாடு காண எவராலும் இயலாது.

போட்டியின் விதி கடுமையானது. மணி அடித்ததும் இரு கைகளையும் தோளுக்கு மேல் உயர்த்தி, ஓரடி பின்னால் நகர வேண்டும். அப்போதும் தட்டைத் தொட்டுக்கொண்டிருப்பவர் அன்றைக்கே வெளியேற வேண்டியதுதான். மாதக்கணக்கில் அதற்கு அடங்கி நின்றவர்களின் கைகள், அப்புறம் மூளையிடம் அனுமதி கேட்பதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என் மனைவியும் அப்போட்டியில் கலந்துகொண்டாள். அரையிறுதியில் மணி அடித்தபோது, சரியவிருந்த தட்டை அவள் கை தாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் நின்றவர், "அவங்க கை இன்னும் தட்டுல இருக்கு சார்" என்றார். அது உண்மைதான். அவள் வீட்டுக்கு வந்தாள். அவர் பட்டம் வென்றார். அவர்தான் கடைசி நொடி. அதன் பிறகு சில நாட்களிலேயே என் மனைவி அடுப்பைப் பற்றவைப்பதை நிறுத்திவிட்டாள். ரொட்டியும் பழமுமாக எங்கள் நாட்கள் கழிந்தன.

முதல் உணவகத்துக்கு மணியை எடுத்துச் சென்றது காட்டி மகிழ்வதற்காகத்தான். பையை நாற்காலியில் வைக்கும்போது அது தானாக ஒலித்தது. கேக்கின் மீது பூ வரைந்துகொண்டிருந்த பெண் கைகளை உயர்த்திப் பின்னால் நகர்ந்தார். பாலேடு நிறைந்த பை தரையில் விழுந்தது. "யாருங்க அது? உயிரே போயிடுச்சு. இங்கயுமா நேரம் முடிஞ்சிடுச்சு?" என்று அவரே சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதன் பிறகு அது ஓர் ஆய்வாயிற்று. முதலில் கைகள் வெறுமையாக இருக்கும் வேளை பார்த்து அடித்தேன். பிறகு, கைகளில் ஏதேனும் இருக்கும் வேளை பார்த்து. எந்த ஆய்வும் படிப்படியாகத்தான் வளரும். நான்காவது உணவகத்தில் ஒரு மீன் தட்டு உடைந்தது. எட்டாவதில் ஒருவர் காய்ச்சிய சர்க்கரைப் பாகைத் தம் பாதத்தில் விட்டுக்கொண்டு நான்கு வாரம் படுத்தார். அவர் செருப்பு அணிந்திருந்தார். சமையலறையில் காலணி அணிய வேண்டும் என்பது பொதுவான விதி.

பன்னிரண்டாவது, கடைசி நொடியின் உணவகம். அங்கே மூன்று வியாழக்கிழமைகள் மணியை எடுக்காமலே உண்டேன். மூன்றாம் முறை அவரே என் மேசைக்கு வந்தார்.

"ஐயா, போன வாரமும் வந்தீங்க. சாப்பாடு பிடிச்சிருக்கா, இல்ல எங்க அக்கா என்னை அதட்டுறதைக் கேக்க வர்றீங்களா?"

"டேய், அவரை நிம்மதியா சாப்பிட விடுடா. டிவில பேசினது பத்தாதா உனக்கு?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"பாத்தீங்களா? கோப்பை என்கிட்ட, அதிகாரம் அவங்ககிட்ட."

இருவரையும் எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தினமும் ஒன்று நாற்பதுக்கு, எலும்புச் சாறு கொதிக்கும் பெரிய பாத்திரத்தை அவர் தொட்டியருகே தூக்கி வருவார். அக்காள் இரு கைப்பிடிகள் கொண்ட வடிகட்டியைத் தொட்டிக்கு மேல் பிடித்துக்கொள்வார். "ஊத்தவா?" "ம்." பாத்திரம் சரியும். முழங்கை வரை அக்காளின் கைகள் பாத்திரத்தின் வாய்க்கு நேர் கீழே இருக்கும். வேலையைப் பிரித்துக்கொள்வதில் அப்படியொரு நம்பிக்கை.

நான்காம் வியாழக்கிழமை மணி ஒலித்தது. பையின் உள்ளேயிருந்து, ஒரே முறை. பழகாத காதுக்கு அது கரண்டி விழுந்த ஓசையாகவே இருந்திருக்கும். கடைசி நொடியின் கைகள் உயர்ந்தன. ஓரடி பின்னால் நகர்ந்தார். போட்டியில்கூட அத்தனை நேர்த்தியாக அவர் செய்ததில்லை. அக்காள் வடிகட்டியை விடவில்லை. அவர் எந்தப் போட்டிக்கும் போனவர் அல்லவே.

பாதி உண்டிருந்த சூப்பை முடித்துவிட்டு எழுந்தேன். உணவை வீணாக்குவது எனக்கு ஒவ்வாது.

"மணி கேட்டுச்சு" என்று கடைசி நொடி எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். எவரும் நம்பவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் அக்காள், "எந்த மணிடா? ரெண்டு வருஷமா தூக்கத்துலகூட உனக்கு அந்த மணிதான் கேக்குது. இனிமே என் முன்னாடி வராதே" என்றாராம். அதற்குப் பிறகுதான் அவர் தங்களிடம் வந்து, மணி எதுவும் ஒலிக்கவில்லை, தவறு தம்முடையதே என்று கையெழுத்திட்டார். தம் காதைவிட அக்காளின் சொல்லை நம்பினார்.

செய்தித்தாளில் 'மணி' என்ற சொல்லைப் படித்த என் மனைவி அலமாரியைத் திறந்தாள். எல்லாப் பொருள்களின் மீதும் தூசி இருந்தது; மணியின் மீது இல்லை. அவள் கத்தவில்லை. எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு கதை சொன்னேன். முரசு கேட்டால் மண்டியிடுமாறு பழக்கப்பட்ட ஒரு குதிரை, ஒரு வண்டிக்காரனிடம் விலைபோனது. ஒருநாள் மலைச்சரிவில் எங்கோ முரசு ஒலித்தது; குதிரை மண்டியிட்டது; வண்டி உருண்டது. குதிரையைப் பழக்கியவனைத்தானே குறை சொல்ல வேண்டும் என்றேன்.

"முரசு தானா அடிச்சுக்கிச்சா?" என்றாள் அவள்.

"உனக்காகத்தான் செய்தேன்."

"எனக்காகவா? நான் கேட்டேனா? அவர் சொன்னது நிஜம், என் கை தட்டுலதான் இருந்துச்சு. போட்டியில தோத்தது ஒரே ஒரு நாள். வீட்டுல வாசல் மணி அடிச்சாலும் குக்கர் கத்தினாலும் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிச் சிரிச்சது யாரு? தினம் மூணு வேளை. அதுலதான் அடுப்பு அணைஞ்சுது."

அது வேடிக்கை, ஐயா. அவளும் சிரிப்பாள் என்றுதான் செய்தேன்.

"நீங்களே போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு அவள் மருத்துவமனைக்குப் போய்விட்டாள். அது நடந்து நான்கு நாள் ஆயிற்று. ஆயினும் நான் என் விருப்பத்தின்படியே வந்திருக்கிறேன் என்று பதிவு செய்யுங்கள். முழுவதையும் சொல்லிவிடுகிறேன்: மணி இருந்தது. அதை அடித்தவன் நான். அக்காளின் கைகள் பாத்திரத்துக்குக் கீழே வரும்வரை காத்திருந்து அடித்தேன். மூன்று வாரம் மணியை எடுக்காமல் உண்டது அந்த நேரத்தைக் கணக்கிடத்தான். இதில் எனக்கு வெட்கம் இல்லை. சொல்லிக்கொடுத்தபடி ஆடும் கைகளை ஊரே கைதட்டி வளர்த்தது. நான் அவற்றின் தரத்தைச் சோதித்தேன்.

இங்கே வரும் வழியில் அந்த உணவகத்தின் எதிரே பேருந்து நின்றது. உணவகம் மீண்டும் திறந்திருக்கிறது. அங்கே ஏறியவர்கள் பேசிக்கொண்டதில் தெரிந்தது, என் மனைவி நடந்ததை அக்காளிடம் சொல்லியிருக்கிறாள். அக்காள் தம்பியைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் தம்பி பாத்திரத்தோடு தொட்டியருகே நின்றார். சாய்க்கத் தயங்கினார். வடிகட்டியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முழங்கை வரை பாத்திரத்துக்குக் கீழே நீட்டி, "ஊத்துங்க தம்பி" என்பதுபோலத் தலையசைத்தவள் என் மனைவி. அக்காளின் விரல்கள் மடங்கும் நாள்வரை அந்த இடத்தில் தான் நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாளாம்.

அவர் ஊற்றினார். ஆவியில் அவள் முகம் சிவந்திருந்தது.

இரண்டு ஆண்டுகளாக எவராலும் அவளை ஓர் அடுப்பின் முன்னால் நிறுத்த இயலவில்லை, ஐயா. நிறுத்தியவன் நான். அதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், கையெழுத்திட்டுத் தருகிறேன்.