இருபத்திரண்டு படிகளும் ஒரு மணியும்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் காதர் பாட்சா அவர்களே, மாலையோடு வந்திருக்கும் ஐரேன் அம்மையார் அவர்களே, வெயிலென்றும் பாராமல் கூடியிருக்கும் பெரியோர்களே!

ஊனமுற்றோர் சங்கத்தின் நிறுவனர், உரிமை வீரர், காரைக்கால்மேடு செல்லையன் மறைந்தார்! போலியோ முடக்கிய கால்கள் அவருக்கு. எவராலும் முடக்க முடியாத வாய்! அந்த வாயிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் யார்? ஓய்வுபெற்ற அதிகாரி முத்தையன். அடியேன்தான்.

1981. உலகமே ஊனமுற்றோர் ஆண்டு கொண்டாடியது. நானும் கொண்டாடினேன். மூன்று சக்கர வண்டி வழங்கும் என் அலுவலகம் எங்கே இருந்தது தெரியுமா? மாடியில்! இருபத்திரண்டு படிகள்! விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும் என்று விதி வேறு. எந்த மேதையின் உத்தரவு என்று கேட்காதீர்கள், கையெழுத்து என்னுடையது.

பட்டினச்சேரி பூவாயிக்கு இரண்டு கால்களும் நடக்காது. கையை ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. நான் என்ன கேட்டேன்?

"மாடியே ஏறி வந்துட்டியே, அப்புறம் ஒனக்கு எதுக்கு வண்டி?"

கேட்டேன் ஐயா, கேட்டேன்! மனுவையும் தள்ளுபடி செய்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை வாசலில் பதினொரு வண்டிகள். முன்னால் செல்லையன், அவர் பின்னால் தொற்றிக்கொண்டு பூவாயி. பதினொரு மணிகளும் சேர்ந்து அடித்தன. ஜன்னலில் தலையை நீட்டி, "மேல வாங்கய்யா, பேசுவோம்" என்றேன்.

"நீங்க எறங்கி வாங்கய்யா, பேசுவோம்" என்றார்.

மதியம் வரை மணி ஓயவில்லை. கோபத்தோடு இறங்கினேன். அப்போது நான் தொண்ணூறு கிலோ; மூச்சு வாங்கியது. செல்லையன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எறங்கி வந்துட்டீங்களே! அப்ப ஒங்க காலு நல்லாத்தான் இருக்கு. தெனமும் வரலாம்."

தெருவே சிரித்தது. பூவாயியும் சிரித்தார். அங்கேயே அவருடைய மனுவில் கையெழுத்திட்டேன். மூன்று ஆண்டுகள் செல்லையன் தினமும் மணி அடித்தார், நான் தினமும் இறங்கினேன். அலுவலகம் கீழ்த்தளத்துக்கு வந்தபோது பதினெட்டு கிலோ குறைந்திருந்தேன். டாக்டர் சொல்லியும் குறையாத உடம்பு!

கீழே ஏதோ மணி... ஐஸ் வண்டியாக இருக்கும். தொடர்கிறேன். "எங்களப் பாத்து பாவப்படாதீங்க, படியப் பாருங்க" என்பார் செல்லையன். எப்பேர்ப்பட்ட சொல்! அதை நாம் மறப்போமா? மறக்கத்தான் முடியுமா?

மறுபடியும் மணி. ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு. சபையோரே, செல்லையனின் சங்கத்தார் ஒருவரைக்கூட இங்கே காணோமே? ஐயையோ! மாடியில் காற்று வரும் என்று இந்த மண்டபத்தைப் பிடித்தவன் யார்? நானேதான்! பட்டும் புத்தி வரவில்லையே எனக்கு!

கேட்கிறதா? பூவாயியின் குரல்.

"ஆபீசர் ஐயா! எறங்கி வாங்க!"

செல்லையரே, போயும் என்னை நீர் விடவில்லை! அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று கை உயர்த்திச் சூளுரைப்பது வழக்கம். கை கிடக்கட்டும், ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்குங்கள். பாட்சா பாய், மைக் உங்கள் பொறுப்பு. மேடையில் இருக்கும் செல்லையன் படத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். உயிரோடு இருந்தவரை மாடி ஏறாத மனிதரைப் படமாக்கி ஏற்றிவிட்டோமே! வாருங்கள், அவர் ஆட்களிடம் அவரைக் கொண்டுபோவோம்.

இதோ வந்துட்டேன், பூவாயி! முழங்கால் வலி, கொஞ்சம் பொறுத்துக்குங்க!