பன்னிரண்டாவது கையெழுத்து

— பன்னெண்டு இஞ்சினியரையும் நிக்க வச்சா பேரு கூப்பிட்ட? நெசமாவாக்கா?

— நிக்க வைக்கலடா பவித்ரா, உக்கார வச்சுத்தான். ரோட்டப் பாத்து ஓட்டு. புந்தோங் சிக்னல்ல சிவப்பு.

— பாத்துட்டேன்லா. சித்தியவான் பக்கம் வரப் போகுதுங்கிறாங்களே, அந்த அணு உலைக்கா?

— வருமா வராதான்னே முடிவாகல. புது டிசைன். பாதுகாப்பா இருக்கான்னு வாரியம் பாத்து, பன்னெண்டு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. அந்த வாரியம் ஒழுங்காப் பாத்துச்சான்னு பாக்குறதுதான் எங்க குழு. நான் வாரியத்த விட்டு அங்க செயலாளராப் போயி ஆறு மாசம்தானே ஆகுது.

— கையெழுத்துத்தான் இருக்குல்ல, சாப் முத்திரை குத்தி அனுப்ப வேண்டியதுதானே?

— மேலேருந்தும் அதத்தான் சொன்னாங்க. மாசக் கடைசிக்குள்ள முடியணுமாம். நான்தான் பெரட்டு வைக்கணும்னேன்.

— ஐயோ! தோட்டத்துல விடியக்காலையில ஆள நிறுத்திப் பேர் கூப்பிடுவாங்களே, அந்தப் பெரட்டா? டத்தோ பட்டம் வாங்குன பெரியவங்க முன்னாடியா?

— அதேதான். ஆளுங்கள மேய்க்கிற நம்ம மண்டோர் அவன் மச்சான் வராமலே வந்ததா குறி போடுவான், ஞாபகம் இருக்கா? அம்மா ஒரு நாள் எல்லார் முன்னாடியும், "ஆள் எங்க? வாயத் தொறந்து சொல்லச் சொல்லு"ன்னு கேட்டுட்டாங்க.

— அச்சு அசலா மங்களம் மகதான் நீ! அப்புறம்?

— ஒவ்வொரு பேரா கூப்பிட்டேன். உங்க பகுதிய நீங்களே படிச்சீங்களா, என்ன கணக்குப் போட்டுப் பாத்தீங்க? வாயால சொல்லணும். பதினோரு பேர் சொன்னாங்க. கௌரி மேடம் மட்டும் நாப்பது நிமிஷம். தண்ணி குடுத்துத்தான் நிறுத்தினோம்.

— பன்னெண்டாவது?

— சத்தமே இல்ல.

— மாட்டிக்கிட்டான்! எந்தப் பகுதி?

— கரண்டு போனா உலையோட சூட்ட ஆத்துற பகுதி. பம்பு வேணாம், தொட்டித் தண்ணியே மூணு நாள் தாங்கும்னு கம்பெனி எழுதியிருக்கு. அங்கேயே திரும்பக் கணக்குப் போட வச்சோம். கம்பெனிக்காரன் தண்ணி பதினஞ்சு டிகிரின்னு வச்சிருக்கான்.

— பதினஞ்சா? நம்மூர்ல மத்தியானம் குழாயத் தொறந்தா மைலோ கலக்கலாம்லா!

— முப்பத்தொண்ணு. அத வச்சுப் போட்டா ரெண்டு நாள் கூடத் தாங்கல.

— யம்மா...

— குழுத் தலைவர் எழுந்திரிச்சு சொல்லிட்டாரு. டிசைன் திரும்பிப் போகுது, தொட்டிய சரி பண்ணிட்டு வரட்டும். இனிமே எந்த உலை வந்தாலும் பெரட்டு வச்சுத்தான் ஒப்புதல். விதியிலேயே எழுதுறாங்க.

— ஜெயிச்சுட்டக்கா! கறி மீ சாப்பிடலாம், என் செலவு. ஆனா படிக்காம கையெழுத்துப் போட்ட அந்த ஜென்மத்த மட்டும் விட்டுறாத.

— விசாரணை இருக்கு. வேலை போனாலும் போகும்.

— போகட்டும்லா! அப்படி என்ன அவசரமாம் அந்த ஆளுக்கு?

— போன வருஷம், தைப்பிங் ஆஸ்பத்திரி. அம்மாவ ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிட்டாங்க. நீ காப்பி வாங்கப் போயிருந்த. ஆபீஸ்லேருந்து போன் மேல போன், உடனே கையெழுத்து வேணும்னு. போன்லயே, படிக்காம, விரலால அமுக்கிட்டேன்.

— அக்கா...

— பேரக் கூப்பிட்டதும் நான்தான். எழுந்து நின்னு சொன்னதும் நான்தான்டா: "தினேஸ்வரி. வரலை."