நாலரையா, நாலேகாலா?

– நாலேகால் வேணாம்டா, பத்தி. நாலரையே சொல்லு. போன எடு.

– அட என்னக்கா, கடையில கத்தரிக்கா வாங்குற மாதிரி சொல்ற. கொழும்புக்காரன்கிட்ட இந்தப் பழைய காரோட பின்னச்சுக்குப் போடுற பல்சக்கரம் ரெண்டே செட்டுதான் இருக்கு. ஒண்ண எடுத்தா திருப்பி வாங்கமாட்டான். அஞ்சு மணிக்குக் கடையப் பூட்டிருவான்.

– அதான் சொல்றேன், நாலரை. டயரு ஒரு சுத்து சுத்த, இஞ்சின்லேர்ந்து வர்ற தண்டு நாலரைச் சுத்து. வேகம் கொறையும், ஆனா மலையில மூச்சு வாங்காது.

– தலவாக்கலையில முப்பது வருஷம் கணக்கு படிச்சுக் குடுத்த பெற்றீசியா டீச்சர், ஹட்டன்ல கராஜ் வச்சிருக்கிற பத்திநாதனுக்குப் பல்லு எண்ணச் சொல்லித் தர்றீங்களாக்கும்.

– அதுவும் கணக்குதானடா.

– எனக்கு வேகமும் வேணாம், மலையும் வேணாம். தேயிலைத் தோட்டத்துத் தொரை சீமைக்குப் போறப்ப, டிரைவரா இருந்த நம்ம அப்பாவுக்குக் குடுத்துட்டுப் போன காரு. பின்னச்ச எவனோ கழட்டிட்டுப் போயிட்டான், இல்லன்னா தொறந்து எண்ணியிருப்பேன். எழுபத்தொம்பது ஏப்ரல் சீசன்ல, நுவரெலியா மலையேத்தப் பந்தயத்துல அப்பா கப்பு வாங்கினாருல்ல, அன்னைக்கு எது இருந்துச்சோ அதான் வேணும்.

– அன்னைக்கு இருந்தது நாலரை.

– இல்லவே இல்ல. கடைசி வளைவுல கல்லு மேல நின்னவன் நான், ஒம்போது வயசு. ரெண்டாவது கியருக்கு எறக்கின சத்தம் இன்னும் காதுல இருக்கு. நாலரையா இருந்தா எறக்கவே வேணாம், மூணுலயே ஏறியிருக்கும். அப்ப நாலேகால்தான்.

– பின்னால வந்த காரு சத்தமா இருக்கும்.

– நீ அன்னைக்குக் காய்ச்சல்னு லயத்து வீட்டுல படுத்துக் கெடந்த. ஒனக்கென்ன தெரியும்?

– சரிடா. வேற என்ன ஞாபகம் இருக்கு, சொல்லு.

– கையாட்டினாருக்கா. தலையில ஹெல்மெட்டு, கண்ணாடி, தொரையோட பழைய கோட்டு. என்னையப் பாத்து கைய ஆட்டிட்டுப் போனாரு. அந்தக் கை அடிக்கத்தான் ஓங்கும்னு நெனச்சிருந்தவன் நான். அவரு என்கிட்ட சிரிச்சுப் பேசின நாளு ஒண்ணு சொல்லு பாப்போம். அந்த ஒரு கையாட்டத்துக்காகத்தான் இந்த இரும்ப நாலு வருஷமா கட்டி அழுறேன்.

– எந்தக் கை?

– எடது கை.

– கியரு எந்தப் பக்கம்?

– எடது... அட.

– கை மேல இருந்தா கியர மாத்தினது யாரு, பேயா?

– மாத்தல. மூணுலயே ஏறியிருக்கு. நாலரைதான். டீச்சரம்மா டீச்சரம்மாதான்.

– அப்பப் போனப் போடு.

– போடுறேன். ஒத்தக் கையால அந்த வளைவ வளைச்சிருக்காரு பாரேன். அதான் மேல போயி மதில்ல இடிச்சு வலது கைய ஒடச்சுக்கிட்டாரு. கட்டுப் போட்டுக்கிட்டு, எடது கையால கப்பு வாங்குற போட்டோ...

– எந்த மதில்லயும் இடிக்கல. ஒரு கீறல் இல்லாம கொண்டுபோயி நிப்பாட்டின காரு அது. கை காலையிலயே ஒடஞ்சிருச்சு. ஸ்டார்ட் பண்ற ஹேண்டில் திருப்பி ஒதைச்சு.

– காலையிலயா?

– ம்.

– வலது கை காலையிலயே ஒடஞ்சிருச்சு. வளைவுல எடது கைய ஆட்டினாரு. அப்ப ஸ்டியரிங்கப் புடிச்சது எந்தக் கை? அக்கா, என்னையப் பாரு.

– போனப் போடுடா, கடையப் பூட்டிருவான்.

– ஓட்டினது யாரு?

– தோட்டத்து ரோட்டுல எனக்கு ஓட்டப் பழக்கினது அவருதான். பந்தயத்துக்குப் பேரு குடுத்திருந்தது அவரு. தெரிஞ்சா கப்பப் புடுங்கிருவாங்கன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரு. முடிஞ்சதும் சைப்ரஸ் மரத்துக்குப் பின்னால வச்சு கோட்டையும் ஹெல்மெட்டையும் மாத்திக்கிட்டோம்.

– அப்ப அந்தக் கை அப்பா கை இல்ல.

– அதுக்குத்தானடா இத்தன வருஷமா வாயத் தொறக்கல.

– போதும்க்கா. இனி எந்தப் பல்லா இருந்தா என்ன.

– கேளு. நான் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு கார்ல ஏறி ஒக்காந்தேன். அவரு கியரப் பத்தியும் சொல்லல, கப்பப் பத்தியும் சொல்லல. "கடைசி வளைவுல பய கல்லு மேல நிப்பான். நான்தான்னு நெனச்சுக்கிட்டு இருப்பான். மறக்காம கையாட்டிட்டுப் போ"ன்னு அத மட்டுந்தான் சொன்னாரு.