லீற்றருக்கு ஒன்பது

பெல்ட்டைப் போடுங்கோ தம்பி, இல்லாட்டி உது கீக்கீ எண்டு கத்திக்கொண்டே வரும். ஓம், அப்பிடி இழுத்து… சரி, அவ்வளவுதான். ஒளிப்பானேன், உங்கடை சேட்டில வாகனம் திருத்துற கராச்சின்ரை பேரைக் கண்டுதான் நிப்பாட்டினனான். கனகராயன்குளத்தில பஸ்ஸுக்கு நிண்ட அவ்வளவு சனத்துக்குள்ள உங்களை மட்டும் கூப்பிட்டன் எண்டு மற்றவை என்னைத் திட்டியிருப்பினம். திட்டட்டும். கிளிநொச்சியிலதானே வேலை? போற வழிதான். என்னை ஐயாத்துரை எண்டு சொல்லுவினம். கமக்காரன்.

பின்னால இருக்கிறது என்ரை மனிசி, விமலேஸ்வரி. நீங்கள் வணக்கம் சொன்னதைக் கண்டனான். அவா திரும்பேல்லை எண்டு குறை நினையாதேங்கோ. இந்த வாகனத்தில ஏறினால் பின் கண்ணாடியாலதான் பாத்துக்கொண்டு வருவா. நாங்கள் முன்னுக்குப் பாப்பம். ஸ்ரேறிங்குக்குப் பின்னால எரியிற உந்த இலக்கத்தைப் பாருங்கோ. தெரியுதோ? ஒன்பது. லீற்றருக்கு ஒன்பது கிலோமீற்றர்! புது பிக்கப் வாகனம் தம்பி. ஸீற்றின்ரை பொலித்தீன் கூட இன்னும் கழட்டேல்லை, முதுகு வேர்த்து ஒட்டுது, பரவாயில்லை எண்டு விட்டு வைச்சிருக்கிறன்.

எங்கடை மகன் விதுசன் வாங்கித் தந்தவன், கனடாவில இருக்கிறான். வித்தவங்கள் தந்த வடிவான புத்தகத்தில, பெரிய றோட்டில லீற்றருக்குப் பதின்மூண்டு ஓடும் எண்டு போட்டுக் கிடக்கு. ஏட்டுச் சுரக்காய் கறிக்கு உதவுமோ? ஒருநாள் எட்டரைக்கும் இறங்கிப்போட்டுது. அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை.

ஏசியோ? பாருங்கோ, வேர்வையில குளிச்சுக்கொண்டு இருக்கிறன், என்னட்டைப் போய் ஏசியைக் கேக்கிறியள்! ரயருக்குக் காத்து சரியா இருக்கு, காலமையும் பாத்தனான். பின்பெட்டியில ஒரு வைக்கல் துரும்பு கிடந்தாலும் தூக்கி எறிஞ்சுபோடுவன். மாங்குளத்திலயும் டீசல் அடிச்சுப் பாத்தாச்சு, வவுனியாவிலயும் அடிச்சுப் பாத்தாச்சு. முறிகண்டியானுக்குத் தேங்காயும் நேந்தாச்சு. ஆனால் பிள்ளையாருக்கு டீசலைப் பற்றி என்ன தெரியும், அவர் எலியில போறவர்.

சிரிக்காதேங்கோ தம்பி. நான் சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடைக்குள்ள மண்ணெண்ணையில கார் ஓடின ஆள். ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு, மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணையில போறது. புகை எண்டால் ஊரே இருமும். ஆனால் ஒரு போத்திலுக்கு எவ்வளவு தூரம் ஓடும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். அப்பிடிப்பட்ட எனக்கு இந்தக் கொம்பியூட்டர் பூட்டின வாகனம் தண்ணி காட்டுது, பாத்தியளோ!

ஆ, கேட்டுப்போட்டியள். எப்ப கேப்பியள் எண்டுதான் பாத்துக்கொண்டு வந்தனான். ஏன் நாப்பதில உருட்டுறியள், அதுதானே? தெரியும் தம்பி. விதுசனும் அதைத்தான் சொல்லுறான். எழுபது எண்பதில ஒரே சீராப் பிடிச்சுக்கொண்டு போனால் கடைசிக் கியருக்குப் போய், எண்ணெய் குறைவாக் குடிக்குமாம். நாப்பதில எண்டால் கீழ்க் கியரில கிடந்து உறுமுமாம். எல்லாம் விளங்குது. ஆனால் எண்பதில போகேலாது. அம்பதில கூட ஏலாது. அதை விட்டிட்டு வேற என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ. கொம்பியூட்டரைக் கொழுவி ஏதோ மாத்திவிடலாமாமே? இல்லையோ? ஒண்டுமே செய்யேலாதோ?

இந்தா, பஸ் முந்துது. கோர்ன் அடிக்கிறான், கையையும் காட்டுறான், என்ரை பரம்பரையையே இழுத்துப் பேசுறான் போல கிடக்கு. போகட்டும், போகட்டும். விமலா, விமலா, அதில இல்லையப்பா. பாத்திட்டியள்தானே? விடுங்கோ, பஸ் போட்டுது. பின்னுக்கு இன்னும் வரும், அங்காலப் பாருங்கோ.

என்னத்தைச் சொல்லிக்கொண்டு வந்தனான்? ஓம், விதுசன். ஞாயிறு ஞாயிறு ஃபோன் எடுப்பான். இந்த இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுவான். பாத்திட்டு, நான் உங்களுக்கு வாகனமோ யானையோ வாங்கித் தந்தனான் எண்டு கேப்பான். வயல் கிடக்கிறது வீட்டுக்குப் பின்னால, கடை கிடக்கிறது வீட்டுக்கு முன்னால, பிறகேன் அப்பா நாளாந்தம் இவ்வளவு ஓட்டம் எண்டு கேப்பான். நியாயம்தானே? பனிக்குள்ள நிண்டு உழைக்கிறவன். போன கிழமை கடைசியாச் சொல்லிப்போட்டான், இந்த மாசத்துக்குள்ள கணக்குச் சரிவரேல்லை எண்டால் வித்துப்போடுங்கோ எண்டு. வாங்கிறதுக்கு ஆளும் பாத்திட்டானாம், நெடுங்கேணிப் பக்கம்.

வித்தால் மனிசியை என்னெண்டு வைச்சிருக்கிறது? எனக்கு அதுதான் தம்பி நித்திரையில்லை. இந்த வாகனம் வரமுந்தி அவா தானா வெளிக்கிட்டு றோட்டுக்கு வந்திடுவா. ஏ-நைன் றோட்டுக்கு நடுவில நிண்டு வாற வாகனம் எல்லாத்தையும் மறிப்பா. ஒருநாள் லொறிக்காரன் பிறேக் அடிச்ச சத்தத்தில வயலுக்குள்ள நிண்ட நான் மண்வெட்டியைப் போட்டிட்டு ஓடி வந்தனான். லொறிக்கும் அவாவுக்கும் இடையில ஒரு ஆள் நிக்கலாம், அவ்வளவுதான். இப்ப நாளுக்கு ஒருக்கா ஆனையிறவு மட்டும் போய்த் திரும்பினால், வீட்டை வந்து ரண்டு வாய் தின்னுவா, படுப்பா. போகாட்டி இல்லை.

காரோ? வாடகைக்குப் பிடிச்சுப் பாத்தனான் தம்பி. பதிவா நிலத்தோட கிடக்கு, பின்னால வாறது தெரியேல்லை எண்டு கத்தினவா. இது உயரம்தானே.

ஓம், முறிகண்டிதான். நான் நிப்பாட்டேல்லை. நீங்கள் ஸீற்றில இருந்தே கும்பிட்டு விடுங்கோ. இந்த றோட்டில எந்தப் பெரிய கொம்பன் வந்தாலும் இதில இறங்காமல் போகான், எனக்கும் தெரியும். நிப்பாட்டினால் அவா இறங்கி, வந்த பக்கமா நடக்கத் தொடங்கிடுவா. உங்களை ஏத்தின அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளயும் கதவுப் பிடியில கையை வைச்சிட்டா. நேந்த தேங்காய் இன்னும் உடைக்கேல்லை. அதுதான் ஒன்பதில நிண்டு சண்டித்தனம் பண்ணுதோ, ஆர் கண்டது.

ஏன் இவ்வளவு ஓட்டம் எண்டு விதுசனுக்குச் சொல்லலாம்தான். எத்தினை தரம் வாய் வரைக்கும் வந்திட்டுது. சொன்னால் உடன அம்மாவை ஒரு இல்லத்தில சேருங்கோ எண்டு நிப்பான். நல்ல பிள்ளை, நல்லதுக்குத்தான் சொல்லுவான். ஆனால் அங்கை நாலு சுவருக்குள்ள இவா றோட்டுக்கு எங்கை போறது? நான் சத்தம்போடாமல் படத்தை அனுப்பிப்போட்டு, அவன் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு இருக்கிறன்.

கிளிநொச்சி வந்திட்டுது. எங்கை இறங்குறியள்? சந்தை தாண்டியோ? சரி. நானோ? நேர ஆனையிறவு. பரந்தன் சந்தியில முல்லைத்தீவுப் பக்கம் திருப்பவே விடமாட்டா. ஒருக்காத் திருப்பிப்போட்டன், ஸ்ரேறிங்கை எட்டிப் பிடிச்சிட்டா. அந்தக் கடைசி இடப்பெயர்வில அதாலதானே போனனாங்கள். உழவு மிசின் பெட்டிக்குள்ள நாங்கள், அயலட்டைச் சனம், நெல்லு மூட்டை, ஆட்டுக்குட்டி, எல்லாம். மழை, முழங்கால் மட்டும் சேறு, முன்னுக்கும் பின்னுக்கும் அசையேலாமல் சனம். டீசல் இல்லை, மண்ணெண்ணையைக் கலந்து அடிச்சது. மிசின் இழுக்கேலாமல் முக்குது. எண்ணெய் காணாது, ஆரும் ரண்டுபேர் இறங்குங்கோ எண்டு மிசின்காரன் கத்துறான். ஷெல் கிட்டக் கிட்ட விழுது.

எங்கடை மூத்தவள் இறங்கினவள். தேனுகா. விதுசனுக்கு மூத்தவள். அவன் அப்ப தாயின்ரை மடியில நித்திரை, ஒண்டும் தெரியாது. பாரம் குறைஞ்சாப்போல மிசின் ஒரு உதறு உதறிச்சுது பாருங்கோ, அப்பிடியே இழுத்துக்கொண்டு ஓடிச்சுது. நிப்பாட்டு நிப்பாட்டு எண்டு இவா கத்தினது அந்தச் சத்தத்துக்குள்ள ஆருக்குக் கேக்கும்? பேந்து காணேல்லை. முகாம் முகாமாத் தேடினம். இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. இவாவுக்கு அண்டையில இருந்து ஒரே ஒரு கதைதான். மெதுவாப் போங்கோ, மெதுவாப் போங்கோ. அப்பத்தானே பின்னால வாற பிள்ளை எங்களைப் பிடிக்கலாம். இதுக்கு நான் என்ன செய்ய? எண்பதில போகச் சொன்னால் எப்பிடிப் போக? சொல்லுங்கோ, நீங்கள் மெக்கானிக்தானே.

அழாதேங்கோ தம்பி. உங்களைப் போய் அழப்பண்ணிப்போட்டன், விசரன் நான். ஒன்பதைப் பத்தாக்க ஏதும் வழி கண்டால் மட்டும், எங்கடை ஊரால போற ஆரிட்டையாவது சொல்லி அனுப்புங்கோ, கோடி புண்ணியமாப் போகும். இதிலயோ? சரி, ஓரங்கட்டுறன். என்ஜினை நிப்பாட்டமாட்டன், கெதியா இறங்குங்கோ.

தம்பி, ஒரு நிமிசம். இறங்கேக்க அவாவைப் பாத்து ஏதும் ஒரு கதை சொல்லிப்போட்டு இறங்குங்கோ, சொல்லாமல் இறங்கினாத் துடிச்சுப்போவா. வேலைக்கு நேரமாச்சு எண்டு சொல்லுங்கோ, வீடு வந்திட்டுது எண்டு சொல்லுங்கோ, என்னத்தையும் சொல்லுங்கோ. பின்னால வாற வாகனத்தில வாறன், நீங்கள் போங்கோ எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. தேனுகா அப்பிடிச் சொல்லிப்போட்டுத்தான் இறங்கினவள்.