அந்தச் சிப்பாயை வெட்டலாமா

எங்கள் கெலுகோர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவள் என் மனைவி அருந்ததிதான், டாக்டர். தொண்ணூற்றைந்து என்று நினைக்கிறேன். அவள் கணக்கு டீச்சர். செஸ்ஸில் மாநில அணிக்கே போகக்கூடியவள். நானும் ஆடுவேன், அவள் அளவுக்கு இல்லை.

அதில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் தொகுப்பு. மற்றது, தானே கணக்குப் போட்டு அடுத்த நகர்த்தலைச் சொல்லும் புரோகிராம். அவள் தொகுப்பை நம்பினாள், நான் புரோகிராமை.

அவள் வழக்கமாக ஆடும் தொடக்கத்தில் ஓரிடத்தில் ராணியால் ஒரு சிப்பாயை வெட்டலாம். புரோகிராம் வெட்டச் சொன்னது. தொகுப்பிலோ, வெட்டியவர்கள் எல்லோரும் தோற்றிருந்தார்கள். செஸ் கிளப்பில், வெட்டுவதுதான் சரி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் சிரித்துவிட்டாள்.

"மெஷினுக்குச் சிப்பாய் மட்டும்தான் தெரியுது. பத்து மூவ் தள்ளி ராணி மாட்டிக்கிறது தெரியல. இவர் அதப் போய் நம்புறார்லா."

"ஆனந்தா அண்ணே, அக்கா சொல்றதுதான் சரி" என்று எங்களோடு ஆடும் ஜெயராஜும் சேர்ந்து சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குப் புரியவைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

மாநில அணித் தேர்வுப் போட்டிக்கு முந்தின வாரம், அவள் பள்ளிக்குப் போயிருந்தபோது, தொகுப்பில் அந்த ஆட்டங்களைத் திருத்தினேன். ராணி சிக்கும் இடங்களில் நகர்த்தல்களை மாற்றினேன். தோற்றவர்களை ஜெயிக்க வைத்தேன். பெரிய வேலை இல்லை. அன்று மாலை அவள் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தப்பா ஞாபகம் வச்சிருந்தேன் போல. நீங்க சொன்னதுதான் சரி" என்றாள்.

கடைசிச் சுற்றில் சிப்பாயை வெட்டினாள். ராணி மாட்டிக்கொண்டது. தோற்றாள். புரோகிராம் சொன்னது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். நான் பிடிவாதக்காரன் இல்லை.

அவள் அங்கே ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் வீட்டில் தொகுப்பைப் பழையபடி ஆக்கிவிட்டேன். பொய்யான ஆட்டங்களை வைத்திருப்பது முறையல்ல. வந்ததும் வராததுமாகத் திறந்து பார்த்தாள்.

"நேத்து வேற மாதிரி இருந்துச்சுங்க."

"நேத்தும் இப்படித்தான்மா இருந்துச்சு. உனக்கு டயர்ட்லா, வேறொண்ணுமில்ல."

அதற்குப் பிறகுதான் விடைத்தாள் மதிப்பெண்களைத் திரும்பத் திரும்பக் கூட்டத் தொடங்கினாள். தானே கதவைப் பூட்டிவிட்டு, பூட்டியிருக்கிறதா என்று என்னைப் பார்த்துவரச் சொன்னாள். வேலையை விட்டாள். உங்களிடம் கூட்டி வந்ததே நான்தான்.

எல்லாப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறதே, பிறகு ஞாபகம் ஏன் தவறுகிறது என்று கேட்டீர்கள். தவறவில்லை, டாக்டர். அவள் ஞாபகம் எப்போதும் துல்லியமானது. போன மாதம் உங்கள் மாத்திரையில் கொஞ்சம் தேறி, மறுபடி பலகையை எடுத்து வைத்தாள். அன்றும் சில ஆட்டங்களை மாற்றி வைத்தேன்.

இதை அவளிடம் சொல்ல வேண்டாம். தன்னையே நம்பாதவள் இப்போது நம்புவது என் ஒருவனைத்தான். அதையும் பறித்துவிட்டால், பாவம், அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?