மேஜரின் கல்லில் ஒரு பேர்

இருந்தவர்கள்: விஜயரத்தினம், சிறுநீரகம் இரண்டும் போனவர். ஜசிந்தா, அவர் மனைவி. மிதுசா, மகள், பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிப்பவள். இடம்: ஜெர்மனியின் பான் நகரில் லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி வீடு. ஞாயிறு பின்னேரம்.

— அந்த ஆமிக்காரன்ரை கிடங்குக்கை நான் படுக்கமாட்டன். சொல்லிப்போட்டன்.

— கத்தாதையும், ஜசிந்தா. விசயம் இவ்வளவுதான். ஆளில்லாத பழைய கல்லறையளைச் சேமக்காலைக் கந்தோர் தத்துக் குடுக்குது. கல்லைத் திருத்திப் பராமரிச்சால், செத்தாப்பிறகு எங்களுக்கும் அங்கை இடம். அவன்ரை பேர் மேலை, எங்கடை பேர் கீழை.

— நல்ல கூத்து. ஊரிலை ஆமிக்குப் பயந்து ஓடிவந்து, இஞ்சை ஆமிக்குப் பூக்கண்டு நடுறதோ? மிது, நீதானே தேடி வாசிச்சனி. ஆர் அவன்?

— அது வந்து... மேஜர் ஃபொன் டெர்னோ, அம்மா. பிரஷ்யாக்காரர். காணி மூத்தவனுக்கு, இளையவனுக்குப் பட்டாளம். பதினொரு வயசிலை கடெட் பள்ளிக்கூடத்திலை விட்டவை.

— பதினொண்டிலையோ? தாய் விட்டவளோ?

— தாயை ஆர் கேட்டது? பதினெட்டிலை லெப்டினன்ட். 1849இலை பாடன் பக்கம் சனம் அரசனுக்கு எதிரா எழும்பினது. அடக்கப் போன பிரஷ்ய ஆமியிலை இவரும் ஒராள். கோட்டைக்குள்ளை இருந்த பெடியள் வெள்ளைக்கொடியோடை சரணடைஞ்சவை. கொஞ்சப்பேரை மதிலோடை நிப்பாட்டிச் சுட்டவை. சுடச் சொன்னது இவர்.

— பிறகு?

— பிறகென்ன, பதக்கம். கப்டன் பதவி. 1866இலை ஆஸ்திரியாவோடை சண்டை, முழங்காலிலை குண்டு. மேஜராக்கிப் பென்சன் குடுத்து அனுப்பிச்சினம். இஞ்சை பானுக்கு வந்து, ரைன் கரையிலை ஊன்றுகோலோடை நடந்து, கடைசியிலை படுக்கையிலை செத்தவர். பிள்ளையள் இல்லை.

— படுக்கையிலை! கேட்டியளே, இஞ்சாருங்கோ? இது தெரிஞ்சோ அந்தக் கல்லைக் கேட்டனீங்கள்?

— தெரிஞ்சுதான். இவள் சொன்னாப்பிறகுதான் கேட்டனான். அதுக்கு முதல் நான் பார்த்து வைச்சது ஒரு பேக்கரிக்காரன்ரை கல்லு.

— விசரோ உங்களுக்கு?

— அந்தக் கல்லிலை அவன்ரை சண்டை எல்லாம் வரிசையா வெட்டியிருக்கு. பாடன் 1849 எண்டும் வெட்டியிருக்கு, பெருமையா. அவன் சுட்ட பெடியளுக்கு ஒரு கல்லும் இல்லை. அதுக்குக் கீழை அந்தப் பெடியளைப்போலை சரணடைஞ்ச ஒருத்தன்ரை பேர் வரட்டும். ஊரிலை அதைச் செய்தவன்ரை பேர் எனக்குத் தெரியாது. இவன்ரை பேர் தெரியும்.

— ஆற்றை பேரை வெட்டப்போறியள்?

— சேயோனின்ரை.

— வாயை மூடுங்கோ.

— அம்மா, அப்பா என்ன சொல்லுறாரெண்டால்...

— நீயும் மூடு. உன்ரை அண்ணன் சாகேல்லை. சரணடைஞ்சவன். ஆமி பஸ்ஸிலை ஏத்தினதை உன்ரை சின்னம்மா கண்ணாலை கண்டவ.

— 2009இலை ஏத்தினது, ஜசிந்தா.

— எனக்குத் தெரியும் எப்ப எண்டு! கடைசியா ஃபோன் எடுத்தபோது அவன் கேட்டு எழுதினது இந்த வீட்டு விலாசத்தைத்தான். நீங்கள் டயாலிசிஸ் செய்துபோட்டு இந்தப் படியிலை மூச்சு வாங்கிறியள், எண்டாலும் நான் வீடு மாறேல்லை. வாசல் கதவை நான் ஒருநாளும் பூட்டினதில்லை. ஆரும் பூட்டிப்போட்டால் எண்டு கால்மிதிக்குக் கீழையும் ஒரு திறப்பு வைச்சிருக்கிறன். எல்லாம் என்னத்துக்கு?

— மேஜருக்குப் பக்கத்துக் கல்லிலை தாய், தேப்பன். கீழை மகன்: "1944, ரஷ்யாவிலை காணாமல்போனவர்." உடம்பு இல்லை, பேர் இருக்கு. இந்தச் சனமும் அழுது பார்த்திட்டுத்தான் வெட்டியிருக்கும். நாளைக்குச் சேமக்காலைக் கந்தோரிலை டெர்மின், வரச்சொல்லி நேரம் குறிச்சிருக்கினம். உம்மடை கையெழுத்தும் கேக்கினம்.

— வைக்கமாட்டன்.

— சரி. விடும். நான் பேக்கரிக்காரனோடையே படுக்கிறன்.

— நான் வெளிக்கிடுறன் அம்மா. அழாதேங்கோ. டெர்மினை நிப்பாட்டச் சொல்லி மெயில் போடுறன்.

— நில். அந்த மேஜர் சுட்ட பெடியள். அவையின்ரை தாய்மார் கோட்டை வாசலுக்கு வந்திருப்பினம்தானே? என்ன சொன்னவை அவைக்கு?

— வேறை கோட்டைக்கு மாத்தியாச்சு எண்டு.

— சின்னம்மாவுக்கும் முகாம் வாசலிலை அதைத்தான் சொன்னவங்கள். வேறை இடத்துக்கு மாத்தியாச்சு எண்டு. அந்தத் தாய்மார் பிறகு?

— தெரியாது. அதுக்குப்பிறகு அவையைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை.

— ம். போ. நேரம் போகுது. வெளியிலை நிண்டு கால்மிதியைத் தூக்கு. அந்தத் திறப்பை இஞ்சை தா.

— அது அண்ணாவுக்கெல்லோ, அம்மா?

— தா எண்டுறன்.

— இந்தாங்கோ. கறள் பிடிச்சிருக்கு... அம்மா, ஏன் கதவைச் சாத்திறியள்? அம்மா! பூட்டுறியளோ?

— ஓம். பூட்டிட்டன். மெயில் போடாதை, நாளைக்கு வந்து கையெழுத்து வைக்கிறன். கல்லு வெட்டிறவனுக்குச் சொல்லு, காணாமல்போனவர் எண்டு வெட்ட வேண்டாம். சுடப்பட்டவர் எண்டு வெட்டட்டும். மேஜருக்கு விளங்கும்.